மலையை மறைத்த மாடி

அடியும் முடியும் காண இயலாதவன் என்று ஆன்றோர் பாடிய அண்ணாமலையானை, வீட்டு வாசலில் நின்றபடி அடிமுதல் முடிவரை காணவேண்டும் என்பது என் அப்பாவின் ஆசை. அந்த ஆசைக்காகவே அவர் மனை வாங்கினார்.

திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்த புதிது அது. அலுவலகங்கள் பெருகின, அவற்றில் வேலை பார்க்க வந்தவர்களுக்காக வேட்டவலம் சாலையோரத்து வேர்க்கடலைக் கொல்லைகளில் கற்கள் நட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தெய்வத்தின் பெயரோடு ‘நகர்’ என்று சேர்த்துப் பலகை வைத்தார்கள். எங்கள் நகரில் அப்போது வீடுகள் குறைவு, எருக்கஞ்செடிகள் அதிகம். பகலில் தண்ணீர் லாரி வந்தால் அதுவே பெரிய ஆரவாரம். மேற்குப் பார்த்த வாசல் வேண்டாம் என்று உறவினர் எவ்வளவோ சொன்னார்கள். “வாசல்ல சாமியே நிக்கறப்போ திசை என்ன திசை?” என்று அப்பா கேட்டுவிட்டார். எதிரே காலி மனை, அதற்கப்பால் மலை. காலையில் பல் துலக்கும்போதே தரிசனம் ஆகிவிடும்.

ஆனால் எதிர்மனைக்கும் ஓர் உரிமையாளர் இருந்தார் என்பதை ஏனோ நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை. அவர் அரசுப் பேருந்து ஓட்டுநர். அடி அண்ணாமலையில் நிலம் வைத்திருந்த குடும்பத்தவர். முதலில் கீழ்த்தளம் எழும்பியது. மலையின் இடுப்புவரை மறைந்தது. அப்பா பொறுத்துக்கொண்டார். பிறகு மாடிக்கு ஜல்லி வந்து இறங்கிற்று. அன்று மாலை அப்பா தெருவைக் கடந்து போனார். நான் அவர் விரலைப் பிடித்திருந்தேன்.

“மாடி அவசியமா?” என்றார் அப்பா.

“ஊர்ல இருந்து பௌர்ணமிக்கு ஜனங்க வந்தா தங்கறதுக்கு இடம் கம்மி சார்.”

“எங்களுக்கு மலை தெரியாம போயிடுமே.”

ஓட்டுநர் வெகு இயல்பாகச் சொன்னார்: “அதுக்கின்னா சார், மேல வந்து பாருங்க. இன்னும் ஜோரா தெரியும்.”

அப்பா திரும்பி வந்து அம்மாவிடம், “மலை மறையுதுன்னா, ஏறி வந்து பாருன்னு நக்கல் பண்றான்” என்றார். அதன்பின் அந்த வீட்டோடு பேச்சு இல்லை. சண்டையும் இல்லை. இரண்டு வீட்டுக் கதவுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு வாய் மூடி நின்றன. ஊரிலிருந்து வந்தவர்கள் எங்கள் நகரின் அமைதியை மெச்சுவார்கள். அந்த அமைதியில் ஒரு பங்கு இவ்வாறு உண்டானது.

கார்த்திகை தீபம் வந்தது.

எங்கள் ஊரில் அன்று மலையுச்சியில் தீபம் ஏறிய பிறகே வீட்டு விளக்குகளை ஏற்றுவார்கள். அகல்களில் நெய்யும் திரியும் இட்டு வாசலில் வரிசையாக வைத்து, தீக்குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரே மலையைப் பார்த்து நிற்கும். அம்மாவுக்கு இதில் கூடுதல் நியமம் ஒன்று உண்டு. விடியலிலிருந்து எதுவும் உண்ணாமல் இருந்து, அந்தச் சுடர் பற்றிக்கொள்ளும் கணத்தைத் தன் கண்ணால் கண்டு, வாசலில் விளக்கேற்றி, அதன் பின்பே ஒரு பிடி பொரியை வாயிலிடுவாள். திருமணமாகி இவ்வூருக்கு வந்தது முதல் அது தவறியதில்லை.

அவ்வாண்டு வாசலில் நின்றால் எதிர்வீட்டு மாடிச் சுவர் தெரிந்தது. எங்கள் மொட்டை மாடியில் ஏறினால் அவர்களுடைய தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. தெருமுனையில் மட்டும் மலை குறைவின்றித் தெரியும். ஆனால் அங்கே ஒரு சாராயக்கடை இருந்தது. பெண்கள் அந்தப் பக்கம் நிற்பதில்லை.

அப்பா ஓர் ஏற்பாடு செய்தார். அவர் தெருமுனையில் நிற்பார். தீபம் ஏறியதும் டார்ச் விளக்கை எங்கள் வீட்டை நோக்கி அடிப்பார். அம்மா விளக்கேற்றிக்கொள்ள வேண்டியது.

“நான் பார்த்தா நீ பார்த்த மாதிரிதானே?” என்றார்.

“பசிக்கறது எனக்குத்தானே” என்றாள் அம்மா. 

மாலையில் ஓட்டுநரின் மனைவி தம் வாசலிலிருந்து மெதுவாக அழைத்தார்: “அக்கா, மேல வாங்களேன். பாய் போட்டு வெச்சிருக்கேன்.” அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தம் டார்ச்சில் பாட்டரி மாட்டிக்கொண்டிருந்தார். “இருக்கட்டும்மா” என்று அம்மா சிரித்தாள். அவளுடைய உதடுகள் உலர்ந்து வெடித்திருந்தன.

நெற்றி நிறைய நீறும், மடித்துப் போட்ட மேல்துண்டுமாக அப்பா சாராயக்கடை முன் போய் நின்றார். தூறல் விட்டிருந்தாலும் வானம் மூட்டமாகத்தான் இருந்தது. நான் எங்கள் கேட்டின் மேல் ஏறி, ஒரு கண்ணை அப்பாமேலும் மறு கண்ணை எதிர்மாடியில் நின்ற ஓட்டுநர்மேலும் வைத்திருந்தேன்.

டார்ச் மின்னியது.

அம்மா கண்களை மூடி ஒரு நொடி நின்றாள். பிறகு குனிந்து முதல் அகலை ஏற்றினாள். எதிர்வாசலில் தீப்பெட்டியோடு நின்ற ஓட்டுநரின் மனைவி அண்ணாந்து கேட்டார்: “ஏங்க, ஏத்திட்டாங்களா? எதிர்ல அக்கா வெச்சிட்டாங்க!”

ஓட்டுநர் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நன்றாக, நின்று பார்த்தார். அப்புறம் தெருமுனையைப் பார்த்தார். அங்கே அப்பா இரு கைகளையும் தலைமேல் குவித்து நின்றுகொண்டிருந்தார்.

“ஏத்து, ஏத்து” என்றார் ஓட்டுநர். “எல்லாத்தையும் ஏத்து.”

எதிர்வீட்டில் விளக்குகள் எரிந்தன. அதைக் கண்டு பக்கத்து வீடும், அதைக் கண்டு அடுத்த வீடும் ஏற்றின. சிறிது நேரத்தில் தெரு முழுவதும் சுடர்.

ஆனால் ஊர்ப்பக்கமிருந்து ஓசை எதுவும் வரவில்லை. தீபம் ஏறியதும் வேட்டுச் சத்தம் காதைப் பிளக்கும். அரோகரா என்னும் முழக்கம் எங்கள் நகர்வரை கேட்கும். அன்று கேட்டதெல்லாம் தவளைச் சத்தம்தான். மலைமேல் ஏறியிருந்த அடியவர் எவரோ கொளுத்திய கற்பூரத்தை அப்பா தீபம் என்று எண்ணிவிட்டார் என்பதை அந்த அமைதி எல்லோருக்கும் அறிவித்தது. ஏற்றிய விளக்கை அணைப்பது ஆகாது. ஆகவே எங்கள் தெரு மட்டும், ஈசனுக்கு முந்திக்கொண்டு, செய்வதறியாமல் எரிந்தது.

அப்பா தெருமுனையிலிருந்து நடந்து வந்தார். அவ்வளவு மெதுவாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. இரு பக்கமும் விளக்குகள், நடுவில் அவர். எங்கள் வாசலுக்கு வந்ததும் மாடியிலிருந்து குரல் கேட்டது.

“சார்! அம்மாவ இட்டுக்கினு சீக்கிரம் மேல வாங்க. நம்ம தெருவே ஏமாந்துபோச்சு. இன்னும் ஏத்தல!”

அப்பா அம்மாவைப் பார்த்தார். தலை குனிந்திருந்த அவளுடைய கையில் எரிந்து முடிந்த தீக்குச்சி இருந்தது.

“வா” என்றார்.

நாங்கள் மாடிக்கு ஏறிப் பாயருகே நின்றபோது மலை முழுதாக எதிரே இருந்தது. உண்மையில் எங்கள் வாசலிலிருந்து கண்டதைவிட நன்றாகவே தெரிந்தது. மூச்சு வாங்கி முடிப்பதற்குள் உச்சியில் ஒரு பொறி எழுந்து, தடுமாறி, பின் நிமிர்ந்து நின்று எரிந்தது. வேட்டுகள் வெடித்தன. அம்மா கைகளை உயர்த்தினாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கிற்று. ஓட்டுநரின் மனைவி ஒரு கிண்ணத்தில் பொரியைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தார். அப்பா யாரையும் பாராமல், “மாடி நல்லா கட்டியிருக்கீங்க” என்றார். “தண்ணி டேங்க்தான் கொஞ்சம் ஜாஸ்தி உயரம்.” ஓட்டுநர் உரக்கச் சிரித்தார்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. தெருமுனையில் நின்றவர் ஏமாறலாம். மாடியில் நின்றவர் எப்படி ஏமாறினார்? கேட்டேவிட்டேன்.

“நீங்க மேலதானே இருந்தீங்க? அப்புறம் ஏன் ஏத்தச் சொன்னீங்க?”

அப்பா சட்டென்று ஓட்டுநரைப் பார்த்தார். ஓட்டுநர் என் தலையில் கைவைத்தார்.

“எனக்கு ராத்திரியில கண்ணு கம்மி பாப்பா. சரியா தெரியாது.”

முடியைக் கண்டேன் என்று காணாதவன் உரைத்த பொய்யை இந்த மலையின் கதை மன்னிக்கவில்லை. அந்தக் கதையை அப்போதே நான் அறிவேன். ஆயினும், காண்பவன் காணேன் என்றும் சொல்வான் என்று எந்தக் கதையும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. ஆகவே அவர் சொன்னதை அப்படியே நம்பினேன். பாவம், கண் தெரியாதவர் என்று இரக்கமும் கொண்டேன்.

சில நாள் கழித்து ஒரு திருமணத்துக்காக வேலூருக்குப் புறப்பட்டோம். பொழுது சாயும் நேரம். பேருந்தில் ஏறக் காலை வைத்தவள் ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். உடனே கம்பியைப் பிடித்துக்கொண்டு வீறிட்டேன்.

“நான் வரமாட்டேன்! அவருக்கு ராத்திரியில கண்ணு தெரியாது!”

பயணிகள் கழுத்தை நீட்டினார்கள். நடத்துநர், “இன்னாண்ணே, பாப்பா என்னமோ சொல்லுது? இறங்கிடலாமா எல்லாரும்?” என்றார். அம்மா என் வாயைப் பொத்தினாள். அப்பா என்னை அதட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ முகம் சிவந்து ஓட்டுநரையே பார்த்தார்.

ஓட்டுநர் திரும்பினார். “பாப்பா சொல்றது நெஜந்தான். எனக்குத் தொணைக்கு ஆள் வேணும். வாம்மா, முன்னால வந்து உக்காரு. எதுனா வந்தா சொல்லு.”

முன் இருக்கையில் என்னை உட்கார வைத்தார்கள். வண்டி கிளம்பியது. “மாடு!” என்றேன். “பார்த்துட்டேன்மா” என்றார். “லாரி வருது!” என்றேன். “ஆமா, அடேங்கப்பா, நீ இல்லன்னா அவ்ளோதான்” என்றார். போளூரில் இருள் சேர்ந்துவிட்டது. கண்ணமங்கலம் தாண்டும்போது அம்மா உறங்கிப் போயிருந்தாள். அப்பா மட்டும் விழித்திருந்தார். நான் கத்தும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வா என்று ஒருமுறையும் என்னை அழைக்கவில்லை. இமை கொட்டினால் எல்லோரும் கவிழ்ந்துவிடுவோம் என்ற பொறுப்போடு, சாலையைவிட்டுப் பார்வையை எடுக்காமல், அத்தனை பேரையும் அன்று நான் வேலூர் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.