மேரிராணி மீறிய சத்தியம்

கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கம்பெனி ஒன்றில் பாகு காய்ச்சும் மேரிராணி, அந்த ஆண்டு தினமும் வேலை முடிந்ததும் அங்கேயே சேலை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். வெல்ல வாசனையோடு கணவர் பால்துரை முன்னால் போய் நிற்க அவளுக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தண்ணீர்கூடத் தொண்டையைத் தாண்டி இறங்காத நாட்கள் அவை. பசுவந்தனைக் கரிசலில் தனியாளாய் உளுந்து மூட்டை தூக்கியவர், இடுப்பில் கட்டிய சாரம் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தார்.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் புற்று. கல்லீரல்வரை பரவிவிட்டதால் அறுவைக்கு வழியில்லை. மதுரையில் சதைத் துணுக்கைச் சோதிக்க அனுப்பிய டாக்டர் சபிதா, அந்தப் புற்றுச் செல்களின் மேல் ஹெர்2 என்ற புரதம் மிகுந்திருப்பதால், அதையே குறிவைத்துத் தடுக்கும் மருந்தைக் கீமோவுடன் சேர்த்து ஏற்றலாம் என்றார்.

"நோயை முழுசா எடுக்காதும்மா, அடக்கி வைக்கும். சிலருக்கு இதயம் தளரும். மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ உடனே சொல்லணும்."

மூன்று வாரத்துக்கொருமுறை ரயிலேறிப் போய் வந்தார்கள். மெல்ல மெல்லக் கஞ்சி இறங்கியது. பிறகு குழைந்த சோறு. ஒரு மாலை பால்துரை கேட்டார்: "ஏட்டி, ஒன் சேலைல பாகு வாசனையே இல்லையே, வேலைய விட்டுட்டியா?" மறுநாளிலிருந்து அவள் கம்பெனியில் சேலை மாற்றவில்லை.

சில மாதங்களில் அவருக்குக் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியதால் சுவரில் சாய்ந்தே தூங்கினார்.

"டாக்டரம்மாட்ட வாயத் தொறக்காத. மருந்த நிறுத்திட்டா திரும்பத் தொண்ட அடைச்சிரும். ஆண்டவர் மேல சத்தியம் பண்ணு."

அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

அடுத்தமுறை டாக்டர், "நல்லாத் தூங்குறீங்களா?" என்றார்.

"கட்டையா விழுந்தா காலைலதான் முழிப்பு" என்று சிரித்தார் பால்துரை.

நர்ஸ் மருந்துப் பையைக் கம்பியில் மாட்டினாள். ஊசியோடு அவர் கையைப் பிடித்தபோது மேரிராணி எழுந்துவிட்டாள்.

"இவிய சொல்லுதது பொய் டாக்டர். ராத்திரியெல்லாம் உக்காந்தே கெடக்காவ. காலப் பாருங்க."

எக்கோ எடுத்தார்கள். இதயம் ரத்தத்தைத் தள்ளும் வலு வெகுவாகக் குறைந்திருந்தது. மருந்தை நிறுத்திய டாக்டர், இதயத்துக்கு மாத்திரை எழுதினார். "தேறினா மறுபடி தொடங்கிப் பாக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

ரயில் சாத்தூர் தாண்டும்போது பால்துரை கேட்டார்.

"சத்தியம் பண்ணினேல்லட்டி?"

"பண்ணினேன். பாவம் எங்கணக்குல இருக்கட்டும்."

"இனிச் சோறு எறங்கலேன்னா?"

"கஞ்சியாக் கரைச்சுத் தாரேன். அதுவும் எறங்கலேன்னா அப்பப் பாத்துக்கிடுவோம். மூச்சே நின்னுட்டா நான் யாருக்குக் கரைக்க?"

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோவில்பட்டியில் பெட்டியை விட்டு இறங்கியதும் அவருக்கு மூச்சு வாங்கியது. கூட்டம் இருபுறமும் விலகிப் போக, இளைப்பை மறைக்க முயலாமல், அவள் தோளைப் பற்றிக்கொண்டு நடைமேடையிலேயே நின்றார்.