போய்ப் பார்க்காத மடை

1. கால்

காலை 4.50. டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தவை இரண்டு கால்கள். முழங்கால் வரை ஈரச் சேறு.

வடகிழக்கில் ஒரு நெல் கிராமம். நான் அப்போது ராணுவத்தில் நாயக். கெரில்லாக்கள் இருவர் தங்கியிருப்பதாகத் தகவல். கார்டன் போட்டிருந்தோம்: விடியுமுன் ஊரைச் சுற்றி வளைத்து, ஆண்களைப் பள்ளி மைதானத்தில் வரிசையாக நிறுத்துவது எங்கள் முறை.

சேற்றுக்காலோடு நின்றவனுக்கு முப்பது வயதிருக்கும். எங்கள் சுபேதார் திருக்கடையூர்க்காரர். என்னிடம் தமிழில் சொன்னார்.

"இந்நேரத்துக்கு இவனுக்கு வயல்ல என்ன வேலை? பதுங்கி வந்திருக்கான். ஏத்து வண்டில."

"முறைத் தண்ணி விடுற நேரம் சார். மடை தொறக்கப் போயிருப்பான். ஒரத்தநாட்டுல எங்கப்பா இந்நேரம் இதே காலோடதான் நிப்பாரு."

"வந்துட்டாருய்யா வேளாண்மை ஆபீசர்!" என்றார். அவனைக் கொஞ்சநேரம் பார்த்தார். "சரி, நீ சொல்றேன்னு விடுறேன்."

ஒன்பதாம் நாள், அதே ஊர்ப் பாதையில் கண்ணிவெடி. சுபேதாரின் வண்டி ஏறியது. பிழைத்துக்கொண்டார். வைத்தது யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

2. கை

என் அக்காவின் கணவர் காரைக்கால்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ஆப்பிரிக்காவில் கெரில்லாக்களைத் தேடியவர். அவரிடம் இதைச் சொன்னேன்.

"நாங்க காலைப் பார்க்கமாட்டோம் மாப்ள. துணியால கையைத் துடைச்சு, அந்தத் துணிய மெஷின்ல வைப்போம். வெடிமருந்து பட்ட கைன்னா சிகப்பு லைட் எரியும். சாயங்காலம் கேம்ப்புக்குத் திரும்பிடுவோம். உங்களாட்டம் வருஷக்கணக்கா ஊருக்குள்ளயே உட்கார்றதில்ல."

"அப்ப தப்பே வராதா மச்சான்?"

"உரம் போட்ட கைக்கும் சிகப்பு எரியும். எத்தனை விவசாயிய வண்டில ஏத்துனோம்னு மட்டும் கேக்காத."

எங்கள் முறையில் அவனை விட்டோம். அவர்கள் முறையில் ஒருவேளை பிடித்திருப்பார்கள். அப்போதும் அவன் யாரென்று தெரிந்திருக்காது. எது சரியென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தெரிந்தது ஒன்றுதான். அவன் வயலின் மடை மைதானத்திலிருந்து இருநூறு அடி. அது திறந்திருக்கிறதா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. புதிதாகப் படையில் சேர்கிறவர்கள் போய்ப் பாருங்கள்.

3. அறுபதாம் கல்யாணம்

போன தை மாதம் சுபேதாருக்கு அறுபதாம் கல்யாணம், அவர் ஊர்க் கோயிலிலேயே. மாலையோடு மணையில் உட்கார்ந்திருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி பாய்ச்சத்தானய்யா போயிருப்பான் அவன்?"

"தெரியல சார்."

"ஆமான்னு சொல்லித் தொலையேன்யா."

ஐயர் தம்பதியை எழுந்து நிற்கச் சொன்னார். சுபேதாரின் மனைவி குனிந்து, அவருடைய செயற்கைக் காலை எடுத்து மாட்டிவிட்டார்.