சிங்கப்பூர் ஒரு பகல் தூரம்

பள்ளிக்கூடத்துத் தேசப்படத்தில் கடல் ஒரு சாண்கூட இல்லை. சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு நூலை நேராக இழுத்துப் பிடித்தேன். ஆயிரத்து எண்ணூறு மைல். மணிக்கு நூற்றெண்பது மைல் போகும் விமானம் என்றால் பத்து மணி நேரம். காலையில் ஏறினால் பொழுது சாய மீனம்பாக்கம், விடிந்தால் ரயிலில் சேலம், மதியத்துக்குள் எடப்பாடிக்கு அப்பால் எங்கள் ஊர். என் கல்யாணத் தேதியை அப்படித்தான் குறித்தேன்.

வரவேண்டியவள் என் அக்காள். வாக்கப்பட்டுச் சிங்கப்பூர் போனவள். யுத்தம் வந்து கடலை மூடியது. மூன்றரை வருஷம் ஒரு வரி இல்லை. ஊர் அவளைச் செத்தவளாகவே பேசியது. நான் ஒருநாளும் அப்படிப் பேசவில்லை, பேசியவர்கள் வீட்டில் தண்ணீரும் குடிக்கவில்லை. யுத்தம் முடிந்த பிறகு கடிதம் வந்தது. கப்பலில் இடமில்லையாம், வீட்டுக்காரருக்கு லீவு இல்லையாம். 'விமானத்தில் தனியாக வருகிறேன். இணைச்சீருக்கு நான்தான் நிற்பேன்.'

எங்கள் பக்கத்தில் தாலிக்கு முன்னால் இணைச்சீர். கூறைப் புடவையின் ஒரு முனை மாப்பிள்ளையின் கக்கத்தில், மறு முனை உடன்பிறந்தவளின் கையில். உடன்பிறந்தவள் இல்லாவிட்டால் பங்காளி வீட்டுப் பெண் நிற்கலாம்.

முகூர்த்த நாள் வந்தது. அக்காள் வரவில்லை.

"சாமி, உஞ் சித்தப்பம் புள்ள குளிச்சு நிக்கறா. நேரம் போவுது" என்றார் பெரியப்பா.

"அக்கா வந்துட்டு இருக்குது."

"எங்க, மேகத்துலயா? கடல நூல்ல அளந்தவந்தான நீயி!"

பந்தலே சிரித்தது. நான் மணையில் உட்காரவில்லை. முகூர்த்தம் என்னைத் தாண்டிப் போனது, போகட்டும் என்று நின்றேன்.

பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. "ஏனுங்க மாப்ள, நாளாண்ணிக்கு இன்னொரு முகூர்த்தம் இருக்குது. அது வரைக்கும் இருப்பனுங்க. அப்பறமும் இதே பேச்சுன்னா எம்பட புள்ளையக் கூட்டிட்டு ஊட்டுக்குப் போயிருவேன்."

"செரிங்க மாமா."

அன்று சாயங்காலம் அக்காளின் தந்தி வந்தது, கல்கத்தாவிலிருந்து: 'வழியெல்லாம் இறங்கி இன்றுதான் இங்கே வந்தேன். நாளைக்கு வேறு விமானம்.' அப்போதுதான் என் மடத்தனம் புரிந்தது. விமானம் நூலைப் போல நேராகப் போவதில்லை. பெட்ரோலுக்காக பாங்காக், ரங்கூன் என்று கரையைத் தொட்டுத் தொட்டு வருகிறது. இருட்டினால் தூங்குகிறது. கல்கத்தாவில் வேறு விமானம் மாற வேண்டும். கணக்குத் தப்பு. ஆனால் காத்திருந்தது தப்பென்று யாரும் என்னைச் சொல்ல வைக்க முடியவில்லை.

இரண்டாம் முகூர்த்தத்துக்கு மாவிலை மாற்றிக்கொண்டிருந்தபோது ஒற்றை மாட்டு வண்டி பந்தலில் முட்டிக்கொண்டு நின்றது. இறங்கியவள் பாதியாக இளைத்திருந்தாள்.

"இத்தன நாளாயிப் போச்சே புள்ள!" என்றார் பெரியப்பா.

"சத்தமாச் சொல்லுங்க பெரிப்பா! காது அடச்சுக் கெடக்குது!" என்று பந்தல் அதிரக் கத்தினாள். "எறக்கி எறக்கி ஏத்துனாங்க! வாந்தி எடுத்தே பாதிக் கடல நெரப்பிட்டு வாரேன்!"

"மொதல்ல போய்க் குளிச்சுப்போட்டு வா. இப்பிடியே நிக்கப்படாது."

உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டாள் போலும். "நேரம் போவுதுல்ல?" என்றவள் புழுதிக் காலோடு மணைக்கு அருகே வந்து நின்றாள். நான் மணையில் உட்கார்ந்து கூறைப் புடவையின் ஒரு முனையைக் கக்கத்தில் வைத்ததும் மறு முனையைச் சுண்டி இழுத்தாள். நான் கக்கத்தை இறுக்கிக்கொண்டேன். பெரியப்பா வாயைத் திறந்தார்.

"நடக்கட்டுமுங்க" என்றேன், அவளுக்கும் கேட்கிற சத்தத்தில்.