கஞ்சி குடித்த கார்

எழுத்து எனக்குப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்போடு பேனாவை வைத்துவிட்டவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிற நான் இதை எழுத வந்ததே அதிகம்தான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஆரணியில் எங்கள் வீட்டில் இரண்டு பட்டுத்தறிகளும் ஒரு காரும் இருந்தன. ஒரு தறியில் அப்பா நெய்தார். இன்னொன்று அம்மாவுடையது. கல்யாணத்தின்போது அவள் பிறந்த வீட்டில் கொடுத்தது. கார், அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வாங்கிய பழைய வண்டி. சித்தப்பா அதைக் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்கு ஓட்டினார். அவருக்கு வேறு தொழில் கிடையாது. தறிக்குழியில் உட்கார்ந்தால் அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். காரில் எவ்வளவு தூரம் போனாலும் பிடிக்காது.

ஒரு கோடையில் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. மெக்கானிக்கிடம் காட்டியிருக்கலாம். ஆனால் எங்கள் தெருவில் விடிகாலையில் தறியில் நெடுக்கே ஓடும் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி அரிசிக் கஞ்சி போடுவார்கள். கஞ்சி காய்ந்தால் நூலின் பிசிறெல்லாம் அடங்கிவிடும். பிசிறை அடக்குகிற கஞ்சி ஓட்டையை அடைக்காதா என்று யோசித்த சித்தப்பா, மிஞ்சிய கஞ்சியை வடிகட்டி ரேடியேட்டரில் ஊற்றினார். ஒழுகல் உண்மையிலேயே நின்றது. அப்பா நல்ல யோசனை என்றார். நான் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொன்னேன்.

அடுத்த வாரம் வேலூரிலிருந்து கல்யாணக்காரர்களை ஏற்றி வரும்போது, கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் ஆவி கிளம்பி வண்டி நின்றுவிட்டது. டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். மெக்கானிக் பாய் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, விரலை விட்டு, முகர்ந்து பார்த்தார்.

“இன்னாங்க இது, உள்ள இட்லி வேக வெச்சிகினு இருந்தீங்களா?”

சித்தப்பா தரையைப் பார்த்தார். “ஒழுவுச்சு பாய். கொஞ்சம் கஞ்சி ஊத்தினேன்.”

“தொட்டுக்க ஊறுகா வெக்கலியா?” என்றவர், எஞ்சினைப் பிரித்துப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை. “பிஸ்டன் ஒட்டிக்கிச்சு. வேற எஞ்சின்தான் போடணும். ரொம்ப ஆவுங்க.”

அன்று சாயங்காலம் அப்பாவும் சித்தப்பாவும் உட்கார்ந்து பேசினார்கள். காரை அப்படியே விற்றால் இரும்பு விலைதான் கிடைக்கும், சித்தப்பாவுக்குப் பிழைப்பும் போய்விடும். எஞ்சின் போடக் கையில் ஒன்றும் இல்லை. கடைசியில் அப்பா, ஒரு தறியை விற்றுவிடலாம் என்றார். எந்தத் தறி என்று சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அம்மா பக்கத்தில் நெய்துகொண்டிருந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த தெருக்காரர் ஒருவர் வந்து அம்மாவின் தறியைத் தட்டிப் பார்த்து, வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் பாவு ஏறிய தறியைப் பிரிப்பது எங்களில் வழக்கமில்லை. அந்தப் பாவில் வரும் கடைசிச் சேலை வரை நெய்து பாவை அறுத்த பிறகுதான் கை வைப்பார்கள்.

“அண்ணி கை ஜல்தி. ஒரு வாரத்துல முடிச்சிடுவாங்க” என்றார் சித்தப்பா.

அம்மா முடிக்கவில்லை. தெருவிலேயே வேகமாக நெய்கிறவள் என்று பெயர் வாங்கியவள், இப்போது ஒரு இழை அறுந்தால் அவள் அதை முடிச்சுப் போடுவதற்குள் சோறு வெந்துவிடும். நெய்ததைத் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

“இன்னாம்மா, கை வலிக்குதா?” என்று கேட்டேன்.

“ஆமா. நீ போய்ப் படி.”

வாங்குகிறவர் வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். “இன்னும் எவ்ளோ நாள் இழுக்கும்?” என்றார் அப்பா. “பட்டாச்சே. அவசரப்பட்டா பட்டு குடுத்த கடைக்காரர் கூலியில கழிச்சிடுவாரு” என்றாள் அம்மா. அப்பா தன் தறிக்குத் திரும்பினார்.

அதற்குள் வந்தவாசியில் ஒரு அரிசி ஆலையில் லாரி ஓட்ட ஆள் கேட்டார்கள். சித்தப்பா போய்ச் சேர்ந்துகொண்டார். ஒரு நாள் சாப்பிடும்போது அவரே சொன்னார்: “வண்டிய வந்த வெலைக்குத் தள்ளிடலாம்ணா. அத்தப் பாத்தாலே பேஜாரா கீது.”

அப்பா, சரி, தறி கேட்டவருக்கும் வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன் என்றார். அம்மா சித்தப்பாவின் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

மறுநாள் காலையில் ஆட்கள் வந்து காரை இழுத்துக்கொண்டு போனார்கள். மீதியிருந்ததை அம்மா சாயங்காலத்துக்குள் நெய்து பாவை அறுத்துவிட்டாள். கைவலி விட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போனேன்.