மண் தின்னாத எண்ணெய்

ஊறுகாய் பாட்டிலில் ஒரு பிடி மண் வைத்திருக்கிறேன். லடாக் மண். எட்டு வருடமாக, அஸ்தம்பட்டியில் நான் வேலை பார்க்கும் மண் பரிசோதனைக் கூடத்து ஃபிரிட்ஜில் கிடக்கிறது. மூடியைத் திறந்தால் இன்றும் பழைய இன்ஜின் ஆயில் வாடை குப்பென்று அடிக்கும். உடனே மூடிவிடுவேன். ஆயிலால் மட்டும் இல்லை.

நுண்ணுயிரியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல், ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போன திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் மேனேஜராகச் சேர்ந்தேன். துளை போடும் டிரில்லர் அண்ணன் என்னைவிட மூத்தவர், வேலையில் புலி. கழிவு ஆயிலை மண்ணிலேயே திறந்துவிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். கரையான் வராது என்று வேலியோரம் ஊற்றக் கேட்டு வாங்கிப் போகிறவர்களும் உண்டு. லடாக்கிலும் அண்ணன் அப்படித்தான் செய்தார். வண்டி நிறுத்த இடம் கொடுத்த உள்ளூர் அம்மா ஒருவரின் பார்லி வயல் அது. "நம்மூர்ல ஊத்தலீங்களா? ரெண்டு வருசத்துல மண்ணே தின்னு போடுமுங்க" என்றார் அண்ணன் என்னிடம்.

தின்பது மண் அல்ல, மண்ணில் இருக்கும் பாக்டீரியா. அவற்றுக்குச் சூடு வேண்டும். பாதி வருடம் உறைந்து கிடக்கும் நிலத்தில் அவை சோர்ந்து முடங்கிவிடும், எண்ணெய் அப்படியே தங்கிவிடும். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். அந்த அம்மா கறுத்த மண்ணை அள்ளி வந்து, சரியாகிவிடுமா என்று இந்தியில் கேட்டார். "படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க சாமி" என்றார் அண்ணன். சரியாகிவிடும் என்றேன். பரிசோதிக்கப் போகிறவன்போல அந்த மண்ணைப் பாட்டிலில் வேறு போட்டுக்கொண்டேன். அந்த அம்மா நம்பி, டீ கொடுத்தார். அதையும் குடித்தேன். சீ, என்ன பிழைப்பு.

போன வாரம் அண்ணன் கூடத்துக்கு வந்தார். தன் தென்னந்தோப்பு மண்ணைத் துணியில் பொதிந்து மேசையில் வைத்தார். "குருத்து காயுதுங்க சாமி. எம்பட மண்ணு, பத்திரமாப் பாருங்க." எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பாட்டிலைத் திறந்து அவர் மூக்கருகே நீட்டினேன், எந்த ஊர் மண் என்றும் சொன்னேன்.

முகத்தைச் சுளித்தார். "ஏனுங்க, இன்னுமா தின்னு முடிக்கல?"

"குளுருல தின்னாதுங்கண்ணா. எனக்கு அன்னைக்கே தெரியும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தெரிஞ்சேதான் அந்தம்மாகிட்ட சரியாயிரும்னீங்களா?"

அவர் தன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பாட்டிலை மூடி மறுபடி ஃபிரிட்ஜில் வைத்தேன். சோப்புப் போட்டுக் கழுவியும் வாடை கையிலேயே இருந்தது.