உப்புத் தண்ணீரிலும் செம்மண்ணிலும் தேடிய வள்ளிக்கண்ணு அக்கா

போன திங்கட்கிழமை காரைக்குடிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது சுப்பையா அண்ணனிடமிருந்து போன் வந்தது. சந்தை இரைச்சலில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. “அகிலா, ஒங்க அக்கா போயிட்டா” என்று இரண்டாம் முறை சொன்னபோதுதான் காதில் விழுந்தது. காலையில் காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்த அவருடைய மனைவி வள்ளிக்கண்ணு அம்மாள் பிறகு எழுந்திருக்கவில்லை. வலி இல்லை, படுக்கை இல்லை. அந்த மட்டில் புண்ணியவதி.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கண்ணீருக்கு முன்னால் சிரிப்பு வந்துவிடுகிறது. அவரை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் காரைக்குடியில் ஒரே கல்லூரியில் வேலை பார்த்தோம். நான் நூலகத்தில், அவர் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர். மாணவர்கள் எரித்துவிட்ட மீட்டர்களையும் அறுத்துவிட்ட காயில் என்னும் கம்பிச் சுருள்களையும் மாலையில் உட்கார்ந்து சரிசெய்வார். பட்டம் வாங்கியவர் அல்லர். ஆனாலும் கருவி ஏதாவது ஓடாமல் நின்றால் பேராசிரியர்கள் அவரிடம்தான் வருவார்கள். உயரமான உருவம், நீள எட்டு வைத்த நடை, அடுத்த கட்டடம் வரை கேட்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நூலகத்துக்குள் கொண்டுவராதீர்கள் என்று எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்!

அவர் ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆண்டு, எங்கள் கல்லூரிக்காரர்கள் ஒரு வேன் பிடித்துத் தொண்டி கடற்கரைக்குப் போனோம். புதிதாகத் திருமணமான வேதியியல் ஆசிரியர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். பந்து விளையாடும்போது அவருடைய கல்யாண மோதிரம் கழன்று ஈர மணலில் விழுந்துவிட்டது. அத்தனை பேரும் மண்டியிட்டு மணலை அளைந்தோம். கிடைக்கவில்லை. அந்தப் பெண் ஒரு குறையும் சொல்லவில்லை. முகத்தை மட்டும் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். வேனில் ஏறித் திரும்பினோம். தேவகோட்டை தாண்டியதும் அக்கா என் முழங்காலைத் தட்டினார்.

“அகிலா, அது அங்கனதான கெடக்கு? எங்குட்டும் போயிறலையே. நம்ம கண்ணுக்குத் தெரியல, அம்புட்டுத்தான். ஒரு காயில் இருந்தாச் சொல்லிப்புடும்.”

“என்ன காயில்க்கா? என்ன சொல்றீக?”

“மெட்டல் டிடெக்டர்டி.”

ஓய்வுபெற்ற மற்றவர்கள் காசிக்குப் போனார்கள், மாடி எடுத்தார்கள். அக்கா மெட்டல் டிடெக்டர் வாங்கினார். முதலில் வாங்கியது சாதாரணமானது, ஒரே அலைவரிசையில் வேலை செய்வது. கல்லலில் என் தம்பி வயலில் தொலைத்திருந்த டிராக்டர் சாவியைப் பத்தே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டது. தம்பி வாயைப் பிளந்து நின்றான். “இதுக்குப் போயி ரெண்டு நாளாத் தடவிக்கிட்டுக் கெடந்தியாக்கும்” என்று அக்கா சிரித்த சிரிப்பில் வரப்பிலிருந்த கொக்குகள் பறந்தன.

அந்த உற்சாகத்தோடு அடுத்த ஞாயிறே தொண்டிக்குப் போனோம். வண்டியோட்டியது சுப்பையா அண்ணன். காய்ந்த மணலில் கருவி சமர்த்தாக இருந்தது. ஈர மணலில் வைத்ததுதான் தாமதம், திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி வீறிட்டது. வைத்த இடமெல்லாம் சத்தம்.

“அக்கா, மணலுக்கு அடியில என்ன, புதையலா?” என்று நான் கேட்டேன்.

“உப்புத்தண்ணி கரண்டைக் கடத்தும்ல” என்றார் அக்கா, கொஞ்சமும் சோர்ந்துபோகாமல். “இதுக்குக் கடல் பூராவும் ஒரே இரும்பாத் தெரியுது. பாவம், அதுவும் என்ன செய்யும்?”

கருவியின் கூருணர்வைத் திருகிக் குறைத்தார். சத்தம் நின்றது. தன் மெட்டியைக் கழற்றி மணலில் போட்டுச் சோதித்தார். அதற்கும் சத்தமில்லை! அதற்குள் ஓர் அலை வந்து இடுப்புவரை நனைத்துவிட்டுப் போனது. காயில் இருக்கும் அடித்தட்டு நனையலாம், மேலே இருக்கும் பெட்டி நனையக்கூடாது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. கருவி அத்தோடு கண்ணை மூடியது. “வீட்டுக்குக் கொண்டுபோயி கருவாட்டோட சேத்துக் காயவையி” என்றார் சுப்பையா அண்ணன். மெட்டியைக் கைகளால்தான் தேடி எடுத்தோம்.

அதன்பிறகு அக்கா ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்த விதத்தை நினைத்தால், பெண்பார்க்கப் போகிறவர்கள்கூட அவரிடம் பாடம் கேட்கலாம் என்று தோன்றும். விற்பவர்களுக்கெல்லாம் போன் போடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்வேன். ஒருவர், “அம்மா, இது பத்தடி ஆழம் வரைக்கும் காட்டும்” என்றார்.

“பத்தடியில கெணறுதான் இருக்கும் தம்பி. மோதிரம் ஒரு சாண்லதான் கெடக்கும். ஈர உப்பு மணல்ல கத்துமா, கத்தாதா? அதைச் சொல்லுங்க.”

மறுமுனையில் போன் அணைந்துவிட்டது.

இன்னொருவர் நேர்மையானவர். கடலுக்கென்றே ஒரு வகை உண்டு, உப்புத் தண்ணீரில் வாயே திறக்காது, ஆழமாகவும் பார்க்கும் என்றார். “ஆணியையும் தங்கத்தையும் பிரிச்சுச் சொல்லுமா?” என்று அக்கா கேட்டார். அது சொல்லாது என்று ஒப்புக்கொண்டார். அக்கா என் பக்கம் திரும்பினார். “நம்ம ஊருல எந்த வீட்டு முற்றத்துலயும் நூறு வருசத்து ஆணி கெடக்கும். ஆணி ஆணியாத் தோண்டி நானே ஆணியா வத்திருவேன்.”

கடைசியில் அவருக்கு வேண்டியது என்ன என்பது தெளிந்தது. ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் பார்க்கவேண்டும். அப்போதுதான் உப்பின் சத்தத்தைத் தனியே கழித்துவிடும். எங்கள் செம்மண்ணில் இரும்புச் சத்து அதிகம்; அந்தந்த மண்ணுக்கு ஏற்றபடி சமன் செய்துகொள்ளும் வசதி வேண்டும். பெட்டி உட்பட முழுவதும் தண்ணீரில் முங்கினாலும் கெடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கை தாங்கவேண்டும். இதற்காக ஒட்டடைக் கம்பின் நுனியில் தண்ணீர் பாட்டிலைக் கட்டி, ஆல்வீடு என்று நாங்கள் சொல்லும் முன்கூடத்தின் ஓரமாக அரைமணி நேரம் இடவலமாக வீசி நடந்தார். நான் கடிகாரம் பார்த்தேன். எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, “என்ன ஆச்சு அவுகளுக்கு?” என்று சுப்பையா அண்ணனிடம் ரகசியமாகக் கேட்டார்.

“வீடு கூட்டுறாக” என்றார் அண்ணன்.

புதுக் கருவி வந்ததும் பெயர் பரவியது. கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணின் தோட்டுத் திருகாணி முற்றத்து மண்ணில் விழுந்துவிட்டது. அக்கா போய், பந்தி முடிவதற்குள் எடுத்துக் கொடுத்தார். அந்தக் கூட்டத்தில் ஒருவர் மெல்ல ஒதுங்கி வந்து, தன்னுடைய பாழடைந்த வீட்டு ஈசான மூலையில் முன்னோர் புதைத்தது இருக்கும், ஒருநாள் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். “தொலைஞ்சதைத்தான் தேடுவேன் ஐயா. புதைச்சதைத் தேடமாட்டேன். அப்படி ஏதும் என் கண்ணுல பட்டா, மொத போன் தாசில்தாருக்குத்தான் போகும்” என்றார் அக்கா. அந்த மனிதர் பாயசம்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஆடி அமாவாசையை நான் மறக்கவே மாட்டேன். அரியக்குடியைச் சேர்ந்த ஒரு குடும்பம் தீர்த்தாண்டதானத்தில் கடல் குளிக்கப் போனபோது மருமகளின் தாலி மஞ்சள் கயிற்றோடு அறுந்து தண்ணீரில் விழுந்துவிட்டது. எங்களுக்குத் தகவல் வந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகியிருந்தது. அந்தப் பெண் நனைந்த சேலையோடு கரையில் உட்கார்ந்திருந்தாள். “வந்த நாள்ல இருந்தே இவளுக்கு எதுலயும் கவனமில்ல, எம்மகன் ஆயுசுக்கு என்ன வருமோ” என்று மாமியார் ஊருக்கே கேட்கும்படி புலம்பிக்கொண்டிருந்தார். கணவன் யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் நின்றான்.

அக்கா மாமியாரைத் தாண்டிப் போனார். அந்தப் பெண்ணிடம் குனிந்து, “எங்கன முங்குன தாயி? தண்ணி எதுவரைக்கும் இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டார். பெண் தொடையைத் தொட்டுக் காட்டினாள். கடலுக்குள் கம்புகள் நட்டு, இரண்டு கயிறுகள் கட்டி, அவற்றுக்கு நடுவே உழவுச் சால் போல வரிவரியாக நடந்தார். சத்தம் வந்த இடத்திலெல்லாம் ஓட்டை போட்ட நீளக் கரண்டியால் நான் மணலை அள்ளி அலசினேன். பாட்டில் மூடி. தகரம். மறுபடி பாட்டில் மூடி. காசுகள் நிறைய வந்தன. ஒவ்வொன்றையும் திரும்பக் கடலில் போடச் சொன்னார். “வேண்டிக்கிட்டுப் போட்டது. நம்மளுது இல்ல.”

இரண்டு மணி நேரம் கழித்து எனக்கு இடுப்பு விட்டுப்போனது. இன்னொரு மங்கிய சத்தம். “அக்கா, இது ஜிகினாத் தாளு. இதே சத்தந்தான் இருபது தடவ கேட்டாச்சு. விட்ருவோமா?”

“தங்கமும் ஜிகினாத்தாளு மாதிரித்தான்டி சத்தம் போடும். குப்பைன்னு விட்டா அதுவும் சேந்து போயிரும். அள்ளு.”

அள்ளினேன். கரண்டியில் மணல் கரைந்து இறங்க, மஞ்சள் கயிறு தெரிந்தது.

நான் கத்திய கத்தலில் கரையிலிருந்த அத்தனை பேரும் தண்ணீருக்குள் ஓடிவந்தார்கள். முதலில் வந்தது அந்த மாமியார்தான். தாலியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மருமகளை இழுத்து அணைத்து, அக்காவின் காலில் விழப்போனார். அக்கா அவரைத் தூக்கிப் பிடித்தார்.

“கால்ல விழுந்தீகன்னா நீங்களும் தண்ணியில போயிருவீக; ஒங்களைத் தேட இந்த மெஷினால முடியாது ஆத்தா. ஒண்ணு மட்டும் செய்ங்க. அந்தப் பிள்ளை காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. மொத அதுக்குச் சோறு போடுங்க. மிச்சமிருந்தா எங்களுக்கு.”

மாமியாரே மருமகளுக்கு ஊட்டிவிட்டார். எங்களுக்கும் எலுமிச்சைச் சோறு கிடைத்தது. கணவன் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தான்.

அந்த வேதியியல் ஆசிரியரின் மோதிரத்தை மட்டும் அக்கா கண்டெடுக்கவே இல்லை. தொண்டிக்குப் போகும்போதெல்லாம் அந்த இடத்தில் ஒரு நடை நடப்பார். “கெடக்கட்டும். அதுக்கும் ஒரு வேலை வேணும்ல, எனக்கும் ஒரு வேலை வேணும்ல” என்பார்.

கடைசியாகப் போனது மாசி மாதம். இதயம் களைத்திருக்கிறது, ஆழத்துக்குப் போகக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முழங்காலளவு தண்ணீர் ஆழமில்லை என்பது அக்காவின் வாதம். காலை வெயிலில் கடல் தகதகத்தது. சேலையை வரிந்து கட்டி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இடவலமாகக் கருவியை வீசியபடி கரையோடு தெற்கே போய்க்கொண்டிருந்தார். இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நானும் சுப்பையா அண்ணனும் மாறி மாறிக் கூப்பிட்டோம். காதில் விழவில்லை. நடுநடுவே குனிவதும், எதையோ எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பதும், தனக்குத்தானே சிரிப்பதும் மட்டும் தெரிந்தது.

“விடும்மா, பசிச்சா வருவா” என்றார் அண்ணன்.

இப்போதும் கூப்பிட்டுப் பார்க்கிறேன் அக்கா. கேட்காது, தெரியும். நிதானமாகத் தேடிக்கொண்டே போங்கள்.