கார் கதவைச் சாத்தவிடாத தொலைநோக்கி

பல்செட் செய்து பிழைக்கிறவர் அவர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தூக்கம் வராத ஆள். தொலைநோக்கியின் கண்ணாடி எவ்வளவு அகலமோ அவ்வளவு வெளிச்சம் சேரும் என்று எங்கோ படித்த நாளிலிருந்து, கையிலிருந்த மூன்று அங்குலக் குழாய் அவர் கண்ணை உறுத்தத் தொடங்கிற்று.

“விளையாட்டுச் சாமான்டா இது, நீயே வச்சுக்கோ” என்று மனைவியின் தம்பியிடம் அதைத் தள்ளிவிட்டுப் பத்து அங்குலம் வாங்கினார். ஆண்ட்ரோமீடா கேலக்ஸியை ஒரு தடவையாவது கண்ணாரப் பார்த்துவிட வேண்டும். வேறு ஆசை இல்லை.

வந்து இறங்கியது பாய்லர் கணக்காக இருந்தது. இரண்டு பேர் மூச்சு வாங்க மொட்டை மாடிக்கு ஏற்றினார்கள். எதிரே பெட்ரோல் பங்க், இருட்டியதும் வெள்ளை வெளேரென்று எரியும். கேலக்ஸி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பஞ்சுப் பொட்டு. சுற்றிலும் கழுவாத டம்ளர் நிறத்தில் வானம். அகலக் கண்ணாடி கேலக்ஸியை அள்ளியதோடு நிற்காமல் பங்க்கின் வெளிச்சத்தையும் வஞ்சனையில்லாமல் அள்ளிக் கொடுத்தது.

தலையில் கறுப்புத் துணி போர்த்திப் பார்த்தார். பொட்டு பொட்டாகவே இருந்தது. பங்க் மேனேஜரிடம் போய்க் கெஞ்சினார்.

“உங்களுக்கு நட்சத்திரம் தெரியணும்னு நான் இருட்டுல பெட்ரோல் போடணுமா சார்?”

“பேசாம பங்க்கையே பாருங்களேன், பளிச்சுனு தெரியுது” என்றாள் மனைவி.

அந்த வாரமே மச்சினனின் போன். செல்போன் கோபுரங்களில் பழுது பார்க்கிறவன். ஊரைத் தாண்டி ஒரு மலையில் வேலை.

“அத்தான், ஆண்ட்ரோமீடா பாத்துட்டேன்! நீளமா, ரெண்டு பக்கமும் புகை மாதிரி இழுத்துக்கிட்டு…”

“எதுலடா பாத்தே?”

“உங்க விளையாட்டுச் சாமான்லதான்.”

மறுநாளே நண்பரின் சின்னக் காரை இரவல் வாங்கினார். குழாயைத் தாங்கி நிற்கும் அடிப்பெட்டியை வைத்தால் குழாய்க்கு இடமில்லை. குழாயைக் குறுக்கே சாய்த்தால் கதவு சாத்தவில்லை. “நான் வேணா இறங்கிக்கறேன், அதை உக்கார வைங்க” என்றாள் மனைவி. இறங்கியும் பார்த்தாள். சாத்தவில்லை. குழாய் மறுபடி மாடி ஏறிற்று.

கடைசியில் மச்சினனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, மூன்று அங்குலத்தை மடியில் வைத்துக்கொண்டு போனார். மலையில் தன் கையே தெரியாத இருட்டு. மேலே இத்தனை நட்சத்திரங்களா என்று வயிறு எரிந்தது.

“இங்க மட்டும் என் பத்து அங்குலம் இருந்தா…”

“அது வீட்டுல இருக்கே அத்தான். பாருங்க.”

குனிந்தார். இருந்தது. நீளமாக, ஓரம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாமல்.

“இதை எனக்கே திருப்பிக் குடுத்துடேன்டா.”

“விளையாட்டுச் சாமான் உங்களுக்கு எதுக்கு? நகருங்க, என் முறை.”

“இருடா” என்றார், குழாயிலிருந்து கையை எடுக்காமல்.